நாசரேத்தில் ஏறும் விலை

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கிதார் தொழிற்சாலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உறவு. கிதாரின் விலை ஏறிக்கொண்டே போகிறது. மரத்தை நிழலுக்கு வளர்ப்பவருக்கு அதில் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி.

நியூயார்க்கிலிருந்து மேற்கே சுமார் 120 கி.மீ. சென்றால் லீஹை பள்ளத்தாக்கு. சாலையோரப் பெயர்ப் பலகைகளைப் படித்தால் பைபிளைப் புரட்டுவது போலிருக்கும்: பெத்லகேம், எம்மாவுஸ், நாசரேத். ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய உருக்காலைகளில் ஒன்று இயங்கிய பெத்லகேமில் 1995-ல் உலைகள் அணைந்துவிட்டன. சுற்றுவட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகள். நடுவே, ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வசிக்கும் நாசரேத். ஊரைக் கடந்து போக பத்து நிமிடம் போதும். ஆனால் உலகின் எந்த மூலையில் கிதார் வாசிப்பவரிடமும் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் புரியும். மார்ட்டின் கம்பெனியின் கிதார் செய்யப்படும் ஊர் இது. தி பேண்ட் குழுவின் 'தி வெயிட்' (1968) பாட்டில் இந்தப் பெயர் நுழைந்ததற்குக் காரணம், அதை எழுதிய ராபி ராபர்ட்சன் தன் கிதாரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்ததுதான். தயாரித்த ஊரின் பெயர் அங்கே அச்சிடப்பட்டிருந்தது.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தைப் போலவே இதுவும் மிஷனரிகள் பெயர் வைத்த ஊர். 1740-ல் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் என்ற பிரசங்கியார் இங்கே 5,000 ஏக்கர் நிலம் வாங்கி, கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட மொரேவியன் சபையாரை அமர்த்தினார். இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. ஓராண்டில் நிலம் மொரேவியர்களின் கைக்கே வந்தது. ஜெர்மானியக் கட்டுப்பாட்டோடு வாழ்ந்த இந்தச் சபையார் இந்தியாவுக்கும் புதியவர்கள் அல்லர். 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிப் பொறையாறு அருகே தோட்டம் போட்டவர்கள் இவர்களேதான். நாசரேத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சபையைச் சேராதவர்கள் வீடு வாங்க முடியாது. ஒயிட்ஃபீல்டின் பெயரைத் தாங்கிய கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. மொரேவியர் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் அதில்தான் இருக்கிறது.

கிதார் இங்கே வந்த கதை, தொழில் தகராறில் தொடங்குகிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நொய்கிர்கென் என்ற ஊர். வயலின் செய்வோர் சங்கமும் மரச்சாமான் செய்வோர் சங்கமும் கிதார் செய்யும் உரிமை யாருக்கு என்று மோதிக்கொண்டன. வியன்னாவில் ஸ்டாவ்ஃபர் என்ற பெயர்பெற்ற கைவினைஞரிடம் தொழில் கற்ற கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின், தச்சர் குடும்பத்தவர். வாதாடிச் சலித்த அவர் 1833-ல் குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் கப்பலேறினார். ஹட்சன் தெருவில் கடை வைத்தார். இன்று அந்த இடத்தில் ஹாலந்து சுரங்கப்பாதையின் வாசல் இருக்கிறது. பெருநகரத்தின் இரைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் நாசரேத்துக்கு அருகே செர்ரி ஹில்லில் குடியேறினார். 1859-ல் நாசரேத்தின் நார்த் தெருவில் தொழிற்சாலை எழுந்தது. 1964-ல் சிக்கமோர் தெருவில் பெரிய கட்டடம். ஆறு தலைமுறையாகக் கம்பெனி அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 2021-ல்தான் முதன்முறையாகக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் தலைமை நிர்வாகியானார்.

சிக்கமோர் தெருத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வெளியாருக்கு அனுமதி உண்டு. உள்ளே நுழைந்ததும் முதலில் படுவது ஓசையோ இயந்திரமோ அல்ல, வாசனை. வெட்டிய ஈட்டி மரத்துக்கு ஒருவித இனிய மணம் உண்டு. 'ரோஸ்வுட்' என்ற ஆங்கிலப் பெயர் பூவின் நிறத்தால் வந்ததல்ல, இந்த மணத்தால் வந்தது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 45 முதல் 55 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. ஈரம் கூடினால் மரம் ஊதும், குறைந்தால் வெடிக்கும்.

கணினி சொல்லும் அளவில் அறுக்கும் இயந்திரங்களும் லேசர் கருவிகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கையால் செய்யும் வேலை இன்னும் குறையவில்லை. வளைத்த பக்கப் பலகைகளின் உள்விளிம்பில் மெல்லிய மரப்பட்டையை ஒட்டி, பசை காயும்வரை பிடித்துக்கொள்ள வரிசையாக மாட்டியிருப்பது வேறெதுவுமில்லை, மொட்டை மாடியில் துணி காயப்போடும் கிளிப்புகள்தான். முகப்பலகையின் அடியில் 'எக்ஸ்' வடிவத்தில் ஒட்டப்படும் தாங்குகட்டைகளை உளியால் சீவுவது தனிக்கலை. அதிகம் சீவினால் கம்பிகளின் இழுவையில் பலகை வளைந்துவிடும், குறைவாகச் சீவினால் குரல் எழும்பாது. இந்த 'எக்ஸ்' அமைப்பு 1840-களிலேயே மார்ட்டின் பட்டறையில் வந்துவிட்டது. இன்று உலகில் செய்யப்படும் பெரும்பாலான உருக்குக் கம்பி கிதார்களுக்கு அதுவே அடித்தளம்.

இன்னொரு அடையாளம், 'டிரெட்நாட்' என்ற அகன்ற வயிற்றுக் கிதார். 1906-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த ராட்சதப் போர்க்கப்பலின் பெயர் அது. 1916-ல் பாஸ்டனைச் சேர்ந்த டிட்சன் என்ற வியாபார நிறுவனத்துக்காகச் செய்துகொடுத்த வடிவத்தை, 1931-ல் மார்ட்டின் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. ஹாங்க் வில்லியம்ஸ், எல்விஸ் பிரெஸ்லி, ஜானி கேஷ் என்று பாடகர்கள் பலர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். 1993-ல் கர்ட் கோபேன் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வாசித்த 1959-ஆம் ஆண்டு டி-18இ கிதார் 2020 ஜூனில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்குமுன் எந்தக் கிதாருக்கும் ஏலத்தில் அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

ஏலத்தொகை கோடீஸ்வரர்களின் விவகாரம். சாதாரண இசைக்கலைஞருக்குத் தொல்லை தருவது கடைவிலை. கம்பெனியின் முதுகெலும்பான டி-28 மாடல் 1930-களின் நடுவில் சுமார் 100 டாலருக்கு விற்றது. இன்று 3,000 டாலருக்கு மேல். எளிமையான டி-18 மாடலே 2,500 டாலரைத் தாண்டிவிட்டது. சிப்பி வேலைப்பாடு செய்த டி-45 வேண்டுமென்றால் 10,000 டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். பண வீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் அன்றைய 100 டாலர் இன்றைய 2,300 டாலருக்குச் சற்று அதிகம். எனவே விலை முப்பது மடங்கு ஆகிவிட்டது என்று அலறுவது சரியல்ல. ஆனால் பண வீக்கத்தையும் மிஞ்சி ஏறியிருக்கிறது என்பது உண்மை. இந்தியாவில் வாங்குபவருக்குச் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் கூடுதல் சுமை. டி-28 கைக்கு வந்து சேரும்போது 3 லட்ச ரூபாயைத் தாண்டியிருக்கும். கிதார் இல்லாத தேவாலயமே கிடையாது என்னும்படியான ஷில்லாங்கிலும் ஐஸ்வாலிலும் அது ஆசையோடு பார்த்துவிட்டுக் கடந்து போகும் பொருள்தான்.

விலை ஏறுவதற்குக் காரணங்கள் பல. கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கிய 2020-ல் உலகெங்கும் கிதாருக்குக் கிராக்கி எழுந்தது. தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன, கப்பல் கட்டணம் எகிறியது, கூலி உயர்ந்தது. 2025-ல் அமெரிக்க அரசு பல நாட்டு இறக்குமதிகள்மீது போட்ட கூடுதல் வரிகள், உள்நாட்டில் கிதார் செய்பவர்களையும் விடவில்லை. பலகையும் உதிரி பாகமும் வெளிநாட்டிலிருந்துதானே வருகின்றன. ஆனால் இவையெல்லாம் வந்து போகும் காரணங்கள். நிற்கும் காரணம் ஒன்றுதான்: மரம்.

டிரெட்நாட் கிதாரின் முதுகு ஏறத்தாழ 16 அங்குல அகலம். ஒரே கட்டையை இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரிப்பது போல விரித்து, நடுவில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு பாதியும் 8 அங்குலமாவது இருக்க வேண்டும். அதுவும் மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அறுத்த பலகையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கோணாது. ஈட்டி மரத்தில் வெளிப்புற வெளிறு கிதாருக்கு ஆகாது. வைரம் பாய்ந்த கருஞ்சிவப்புப் பகுதி மட்டுமே தேறும். ஆக, வெளிறு போக ஒரு பக்கத்துக்கு 8 அங்குல வைரம் வேண்டுமென்றால், மரம் எத்தனை பருமனாக, எத்தனை வயதானதாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். ஈட்டி மெதுவாக வளரும் சாதி.

மார்ட்டின் முதலில் நம்பியிருந்தது பிரேசில் நாட்டு ஈட்டியை. 1960-களிலேயே அகலமான பலகைகள் அருகிவிட்டன. 1965-ல் வந்த டி-35 மாடலின் முதுகு மூன்று துண்டுகளால் ஆனது. இன்று அதை அழகு என்று ரசிக்கிறார்கள். அன்று அது, அகலம் போதாத பலகைகளை வீணாக்காமலிருக்கக் கண்டுபிடித்த வழி. பிரேசில் தன் மரத்தை உருட்டுக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தி, உள்நாட்டில்தான் அறுக்க வேண்டுமென்று சொல்லிவிட்டது. 1969-ன் இறுதியில் மார்ட்டின் கம்பெனி இந்திய ஈட்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய பிரேசில் மரக் கிதார்கள் பழைய பொருள் சந்தையில் பல்லாயிரம் டாலருக்குப் போகின்றன. 1992-ல் பிரேசில் ஈட்டி மரத்தின் சர்வதேச வியாபாரமே 'சைட்ஸ்' ஒப்பந்தத்தின்கீழ் ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

அப்படித்தான் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கும் குடகு, வயநாடு, நீலகிரி மலைகளுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது. தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும், கன்னடத்தில் பீட்டெ என்றும் அழைக்கப்படும் இந்த மரம் காடுகளில் மட்டுமல்ல, காப்பித் தோட்டங்களிலும் நிழல் மரமாக நிற்கிறது. மிளகுக் கொடி அதன்மேல் படர்கிறது. விழுந்த இலை மண்ணுக்கு உரமாகிறது. பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் என்பதால் காப்பிச் செடிக்கு நல்ல அண்டை வீட்டுக்காரர். பிரேசிலைப் போலவே இந்தியாவும் உருட்டுக் கட்டையை ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. வனத்துறைக் கிடங்குகளில் ஏலத்துக்கு வரும் மரத்தை வியாபாரிகள் எடுத்து, அறுத்து, உலர்த்தி, கிதார் பலகையாக்கி அனுப்புகிறார்கள்.

இந்தக் கெடுபிடியின் கூர்மை அமெரிக்காவில் 2011-ல் தெரிந்தது. வேறு நாட்டின் வனச் சட்டத்தை மீறி வெட்டிய மரத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவதே குற்றம் என்று அங்கே 2008-ல் லேசி சட்டம் திருத்தப்பட்டிருந்தது. மார்ட்டினின் பரம்பரைப் போட்டியாளரான கிப்சன் கம்பெனியின் டென்னசி ஆலைகளில் 2009-லும் 2011 ஆகஸ்டிலும் ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் சோதனை போட்டார்கள். முதல் முறை பிடிபட்டது மடகாஸ்கர் கருங்காலி. இரண்டாவது முறை, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலி விரல்பலகைகள். அவை அரைகுறையாக அறுத்த மரமா, பூர்த்தியான பாகமா என்பதே வழக்கு. 2012-ல் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதமும் காட்டுயிர் அறக்கட்டளை ஒன்றுக்கு 50,000 டாலரும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இந்திய மரத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இல்லை என்று அந்த ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த அடி 2017 ஜனவரி 2. ஈட்டி இனம் முழுவதும் 'சைட்ஸ்' பட்டியலில் ஏறியது. உண்மையில் அதற்குக் காரணம் கிதார் அல்ல. சீனாவில் பணக்காரர் வீடுகளுக்குச் செய்யும் ஈட்டி மரச்சாமான்களின் பசி. ஆனால் சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. எல்லை தாண்டி விற்கும் ஒவ்வொரு ஈட்டிக் கிதாருக்கும் சான்றிதழ் கட்டாயமானது. சில கம்பெனிகள் பல மாடல்களில் ஈட்டியையே கைவிட்டன. கலைஞர்களும் தயாரிப்பாளர்களும் முறையிட்டபின், 2019-ல் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பலகைக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது.

நாசரேத் இதற்குத் தன் வழியில் ஈடு கொடுக்கிறது. மெக்சிகோவின் நவோஹோவா நகரத்தில் கம்பெனிக்கு இன்னொரு ஆலை. அங்கே, சமையலறை மேடைக்குப் பயன்படுவது போன்ற அழுத்தப்பட்ட தாள் பலகையில் செய்யும் சில மாடல்கள் சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. 2024-ல் மேப்பிள், வால்நட் ஆகிய அமெரிக்க மரங்களை வைத்தே நாசரேத்தில் ஒரு புது மாடல் வந்தது. ஆனால் கிதார் வாங்குபவர் பழமைவாதி. தாத்தா காலத்து வடிவமும் ஈட்டியின் கரும்பழுப்பு நிறமும் இருந்தால்தான் பர்ஸைத் திறப்பார். விலையை ஏற்றினாலும் டி-28 விற்கிறது. 1971-ல் 22,000 கிதார்களுக்கு மேல் விற்றுவிட்டு, 1982-ல் சுமார் 3,000-க்குச் சரிந்து மூடுவிழாவை நெருங்கிய கம்பெனி இது. விற்கிற பொருளின் விலையை ஏற்றத் தயங்குவதற்கு அதற்கு அவசியமில்லை.

இனி மலையின் பக்கம். ஏறுகிற விலை மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது பொருளாதாரப் பாடம். மதிப்புள்ள மரத்தை வளர்க்கத்தானே தோட்டக்காரர் விரும்புவார்? மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பது நேர் எதிர். கேரளத்தில் அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலங்களில் நிற்கும் ஈட்டி, அரசின் சொத்து. குடகில் நிலத்தின் பழைய உரிமை வகையைப் பொறுத்து, பல தோட்டங்களில் மரத்தின்மீது அரசுக்கே முதல் பாத்தியதை. தமிழ்நாட்டில் பட்டா நிலத்து ஈட்டியையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 1990-களின் நடுவில் வந்த தனிச்சட்டம் 2025 பிப்ரவரியில் காலாவதியானது. தன் தோட்டத்தில் ஈட்டிக் கன்று முளைத்தால் அது வரவல்ல, வில்லங்கம் என்று நினைப்பவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு சில்வர் ஓக் நடுகிறார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரம் வேகமாக வளரும். வெட்டவும் விற்கவும் பெரிய தடையில்லை.

தடையைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. விவசாயிகள் தாங்கள் நட்ட மரங்களையும் தானாக முளைத்த மரங்களையும் வெட்டிக்கொள்ளலாம் என்று 2020 அக்டோபரில் கேரள அரசு ஓர் உத்தரவு போட்டது. அதைச் சாக்கிட்டு வயநாட்டின் முட்டில் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட முதிய ஈட்டி மரங்கள் சாய்க்கப்பட்டன. சில மாதங்களில் உத்தரவு வாபஸாயிற்று. வழக்கு நடந்தது. மரங்கள் திரும்பி எழவில்லை. அந்தத் துண்டு நிலங்களின் சொந்தக்காரர்களில் ஆதிவாசிகளும் உண்டு. பல தலைமுறை வயதுள்ள மரத்துக்கு அவர்களுக்குக் கிடைத்தது அற்பத் தொகை.

இரண்டு வழியும் மரத்துக்கு நல்லதாக இல்லை. கட்டினால் நடமாட்டார்கள், அவிழ்த்தால் வெட்டிவிடுகிறார்கள். தான் நட்ட மரத்தைத் தன் பேரன் வெட்டி விற்கலாம் என்ற நம்பிக்கையை விவசாயிக்குக் கொடுத்து, காலங்காலமாக நிற்கும் மரத்தைத் தொட விடாமல் காவல் செய்யும் முறை இன்னும் வரவில்லை. வேறு மரத்தில் அதற்கு அடையாளம் தெரிகிறது. ஆப்பிரிக்காவின் கேமரூனில், டெய்லர் என்ற கலிபோர்னியக் கிதார் கம்பெனி ஸ்பெயின் நாட்டுக் கூட்டாளியோடு சேர்ந்து 2011-ல் கருங்காலி அறுக்கும் ஆலையொன்றை வாங்கியது. முழுக் கறுப்பான கட்டைக்காகப் பத்து மரத்தை வெட்டி ஒன்பதைக் காட்டில் அழுக விடுகிறார்கள் என்று தெரிந்ததும், வரியோடிய கட்டையையும் அதே தரமாக ஏற்க வாடிக்கையாளர்களைப் பழக்கினார்கள். கிராமத்தாரைக் கொண்டு கன்றுகள் நடும் திட்டமும் தொடங்கினார்கள். ஈட்டிக்கு அப்படி ஒரு புரவலர் இனிமேல்தான் வர வேண்டும்.

சிக்கமோர் தெரு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மார்ட்டின் குடும்பத்தின் பழைய கிதார்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் சில பேழைகளில் பிரேசிலின் மரம், பிந்தியவற்றில் இந்தியாவின் மரம். பயணிகள் ஒவ்வொன்றின் விலையையும் விசாரிக்கிறார்கள். பிரேசில் மரம் நின்றுபோன ஆண்டு எது என்று வழிகாட்டிகளுக்குத் தெரியும். இந்திய மரத்துக்கு அப்படி ஓர் ஆண்டைக் குறிக்கும் தேவை இன்னும் வரவில்லை. வராமலிருப்பது நாசரேத்தின் விலைப்பட்டியலைவிட, குடகிலும் வயநாட்டிலும் காப்பிச் செடிகளுக்கிடையே முளைக்கும் கன்றை விவசாயி பிடுங்குகிறாரா, விட்டுவைக்கிறாரா என்பதைத்தான் பொறுத்திருக்கிறது.